மானியத்தின் மூன்றாம் வருஷம்

அரசாங்கம் விவசாயத்துக்கு ஒரு திட்டம் போட்டால் அது முதலில் யாருக்குத் தெரியும்? மந்திரிக்கு என்பீர்கள். கிடையாது. எங்கள் தெரு மானியத்துக்குத்தான் முதலில் தெரியும். மந்திரிக்கு அப்புறம் யாராவது நிதானமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். மானியம் வீடு என்று கேட்டால் திருவேற்காடு கோயில் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கூடக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ரசாயன உரம் போடாமல், பூச்சிமருந்து அடிக்காமல் பயிர் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் என்னென்ன உதவி தருகிறதோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. இதில் பாதி அரசாங்கத்துக்கே மறந்து போயிருக்கும்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். வீட்டை விற்கும்போது 'பசுமை சூழ்ந்த இல்லம்' என்று வழவழ தாளில் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பசுமை மொத்தமும் பக்கத்து நிலத்துக்காரருடையது, அந்த நிலத்துக்காரர் மானியம் என்கிற விவரத்தை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார்கள்.

குடிவந்த வாரமே வாசலில் மடக்கினார்.

"மேடம், உங்க பால்கனில இன்னா வச்சிகீறீங்கோ?"

"துளசி."

"துளசிய வச்சிகினு இன்னா கொழம்பா வெக்க முடியும்? மாடித்தோட்டத்துக்கு பையி, வெத, தேங்கா நாரு எல்லாம் மானியத்துல குட்கறான். நான் எட்த்தாரேன், உடுங்கோ."

எடுத்தே வந்துவிட்டார். மறுநாளே பால்கனியில் கத்தரி, தக்காளி, கொத்தவரை என்று பைகள் வரிசை கட்டின. என் கணவர் பேப்பர் படிக்கிற நாற்காலி ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. அவர் இன்றுவரை அந்தக் கத்தரிச் செடியோடு பேசுவதில்லை.

டீக்கடையில் யார் நின்றாலும் அவர்களுக்கு ஒரு திட்டம் பொருத்திவிடுவார். இஸ்திரி வண்டிக்காரரிடம், "உன் வண்டி பின்னால எவ்ளோ எடம் கீது?" என்றார். "நான் நிக்கிற எடம்தாண்ணா." "போதும். மண்புழு உரத்துக்குத் தொட்டி குட்கறான். நீ பாட்டுக்கு துணி தேய், புழு பாட்டுக்கு வேலையப் பாக்கும்." கோயம்பேடு ஷேர் வேன் ஓட்டுகிற மாரியிடம், வேன் கூரைமேல் தொட்டி கட்டி, மாட்டுக்குப் போடுகிற பாசி வளர்க்கலாம் என்றார். மாரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாத்தே, நான் வண்டில ஆள ஏத்தறதா, பாசிய ஏத்தறதா? ஒண்ணு சொல்லு."

இவ்வளவு பேசுகிறவர் பரம்பரை விவசாயி என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் செம்பரம்பாக்கம் பக்கம் யார் யார் வயலிலோ கூலி வேலை செய்தவர். "எங்க நைனா அடுத்தவன் வயல்ல குனிஞ்சது, கடைசி வரிக்கும் நிமிரல மேடம். நான் என் வயல்ல நிமிந்துகினுதான் வேல செய்வேன்" என்பார். சொன்னதோடு விடவில்லை. பட்டறை மூடியதும், களைக்கொத்து, கதிர் அரிவாள் எல்லாவற்றுக்கும் ஆள் உயரத்துக்குப் பிடி கடைந்து போட்டுக்கொண்டார். அவர் நட்டுக்குத்தலாக நின்றபடி களை கொத்துவதைப் பார்த்தால் வயலுக்கு யாரோ தலைசீவி விடுவது மாதிரி இருக்கும்.

லேத் புத்தி வயலிலும் போகவில்லை. வெண்டைக்காயை வெர்னியர் வைத்து அளப்பார். பசுமாடு காலையில் வயலுக்கு வந்தால் "ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்தாச்சு" என்று அறிவிப்பார். கத்தரிக்காயில் புழு இருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டேன். "கொஞ்சம் புழு இருந்தா அது டாலரன்ஸ், மேடம், அவ்ளோ தப்பு இருக்கலாம். புழுவே இல்லன்னாதான் டவுட் படணும்" என்றார். புழுவோடு வாங்கி வந்தேன்.

பட்டறையில் அவருக்கு ஒரு கீர்த்தி உண்டு. ஒரு தடவை, தான் கடைந்த உருளைகள் எல்லாம் மயிரிழை தவறிப் போயிருப்பதைத் தானே கண்டுபிடித்து, தானே ரிஜெக்ட் என்று சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டாராம். சரக்கை ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, "யோவ், யாருக்கும் தெரியாதுய்யா!" என்கிறார். இவர், "எனக்குத் தெரியுதே சார்" என்றாராம். அந்த மாதம் அவருக்குக் கிடைத்த மரியாதையை மாரி விவரமாகச் சொல்வான். இங்கே எழுத முடியாது.

அந்த நிலத்துக்கு இன்னொரு சொந்தக்காரர் உண்டு. அவர் மனைவி ராணி அக்கா. ஒரு காலத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்த அந்த நிலத்தை அக்காவின் நகைகளை வைத்துத்தான் வாங்கினார்கள். இப்போது சுற்றிலும் ஃப்ளாட், குடோன், மறுபடி ஃப்ளாட். புரோக்கர் ஒருவர் வாரம் தவறாமல் வந்து வேலியோரம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

அக்கா எங்கள் ஃப்ளாட்டுகளுக்கு இட்லி மாவு கொண்டுவந்து கொடுப்பவர். மூட்டுவலி வேறு. மாவு கொடுத்து முடித்ததும் லிஃப்டில் ஏறி மேல்மாடிவரை சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் இறங்குவார். "எனக்கு பங்களா வாணாம் மேடம். லிஃப்ட் வச்ச ஊடு ஒண்ணு போதும். பட்டன அமுக்கினா அது பாட்டுக்கு இஸ்துகினு போவுது பாருங்கோ, மெய்யாலுமே சொர்க்கம்" என்பார்.

இதனால் வீட்டில் பெரிய ரகளை நடந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து வயலில் ரசாயனம் படக்கூடாது. அதுவரை அரசாங்கம் கைகொடுக்கும். மூன்றாம் வருஷம் முடிவில் சுத்தமான வயல் என்று சான்றிதழும், வேலியில் மாட்டப் பச்சைப் பலகையும் கொடுப்பார்கள். அக்கா தெருவே கேட்கும்படி சொன்னார். "மூணு வருசம் டைமு. பலக வந்துச்சா, நெலம் உன்னுது. வர்லியா, வித்துட்டு லிஃப்ட் வச்ச ஊட்டுக்குப் போயிகினே இருக்கணும். அப்பால பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்" என்றார் மானியம்.

முதல் வருஷம் நாற்றத்திலேயே போயிற்று. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு ஒரு கரைசல் செய்வார்கள், பயிருக்குத் தெளிக்க. எல்லா ஊரிலும் விவசாயிகள் அந்த டிரம்மைத் துணியால் மூடுவார்கள், அல்லது மூடியைத் தளர்த்தி வைப்பார்கள். நம்மவர் லேத் பிடித்த டர்னராயிற்றே! துணியால் மூடுவது அவர் தொழிலுக்கே அவமானம். மரை கடைந்து, ரப்பர் வாஷர் போட்டு, ஸ்பானர் வைத்து இறுக்குகிற மூடி ஒன்று செய்தார். காற்றுக்கூட நுழையாது என்று என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

காற்று நுழையத்தான் இல்லை. வெளியேயும் போக முடியவில்லை. டிரம்முக்குள் கரைசல் நாளுக்கு நாள் பொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் அசோசியேஷன் செகரட்டரி வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, ஐயர் மந்திரத்தின் உச்சத்தில் இருந்தபோது, வெடித்தது. மூடி எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து விழுந்தது. மீன் வெல்லத்தில் ஒரு பகுதி முதல்மாடி ஜன்னல்களில் வந்து அப்பியது. பந்தியில் பாயசம் தொடுவாரில்லை.

செகரட்டரி மதுரைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புது வேட்டியோடு, கையில் அந்த மூடியோடு, வேலிக்கு ஓடினார். "ஏய்யா, மனுசன் குடியிருக்க வேணாமா இங்க?"

மானியம் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமிதத்தோடு சொன்னார்: "டிரம்முதான் சார் கிழிஞ்சிகீது. மரைக்கு ஒண்ணும் ஆவல."

இரண்டாம் வருஷம் வேறு சிக்கல். திட்டத்தில் தனி ஆளாக இருக்க முடியாது, குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பரிசோதித்து, ஆமாம், சுத்தம் என்று சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விவசாயிக்கு எங்கே போவது? அந்த வேலையையும் அவரே செய்தார். செம்பரம்பாக்கம் வரைக்கும் சைக்கிளில் அலைந்து, எவனெவனிடம் துண்டு நிலம் மிச்சமிருக்கிறதோ அவனையெல்லாம் விவசாயி ஆக்கினார். குடோன் வாட்ச்மேன் ஒருவர், நைட் ஷிப்ட் ஆப்பரேட்டர்கள், வீட்டுக்குப் பின்னால் வாழை வைத்திருந்த மாரி. "அது எங்கம்மா வச்ச வாழ, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர் தரப்பிலும் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். முருங்கைக் கீரைக்கும் அகத்திக்கீரைக்கும் வித்தியாசம் தெரியாத என் கணவர் அன்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பரிசோதனைப் படை கிளம்பும். பாதிப்பேர் கம்பெனி யூனிஃபார்மில். மானியம் முன்னால் போவார். மாரியின் வாழையடியில் ஒரு நாள் கொசுவத்திச் சுருளின் சாம்பல் கிடந்தது. அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து விசாரணை நடத்தினார். "அண்ணாத்தே, கொசு கடிச்சிச்சு, கொளுத்தினேன்! ஒரு வத்திக்கா இந்த பேஜாரு?" என்று மாரி அழாத குறை. "மருந்து மருந்துதான். ஊட்டாண்ட கொளுத்து, வாழையாண்ட வாணாம்" என்று தீர்ப்பானது.

இங்கேதான் கொசு உள்ளே வருகிறது. சாயங்காலங்களில் கொசுப்புகை அடிக்கிறவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வருவார். மானியம் அவருக்கு வெள்ளரிக்காய் கொடுத்துச் சினேகம் பிடித்துவிட்டார். மெஷின் தெருமுனையிலிருந்து தடதடவென்று வரும். அவர் வேலி தொடங்குகிற இடத்தில் கப்பென்று நிற்கும். புகைக்காரர் வெள்ளரிக்காயைக் கடித்தபடி வேலியோரம் அமைதியாக நடந்து, வேலி முடிந்ததும் மறுபடி தடதடவென்று கிளம்புவார். இந்த ஏற்பாடு வட்டாரத்துக் கொசுக்களுக்குத் தெரிந்துபோயிற்று. எல்லாம் அந்த வேலிக்கு வந்து சேர்ந்தன. பொழுது சாய்ந்ததும் எங்கள் ஃப்ளாட்டுக்கு விருந்துக்கு வந்தன.

செகரட்டரி பல தடவை சண்டைக்குப் போனார். "சார், நீங்க கதவ மூடிக்கலாம். கத்திரிச்செடி எத்த மூடிக்கும்?" என்று இவர் ஒரே கேள்வியாகக் கேட்பார். மூன்றாம் வருஷம் முடிகிற சமயத்தில் செகரட்டரியின் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த மனுஷனையும் குற்றம் சொல்ல முடியாது. பெற்றவன் வயிறு எரியத்தானே செய்யும்? தனியாரிடம் சொல்லி ஒரு பெரிய புகை மெஷினை எங்கள் காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து மானியம் ஊரில் இல்லை. மறுவாரம் சான்றிதழுக்கான கடைசிப் பரிசோதனை. அதிகாரியம்மாவைப் பார்த்து நேரம் கேட்டுவரப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். ராணி அக்கா மாவோடு என் வீட்டில் இருந்தார். மெஷின் சத்தம் கேட்டு இரண்டு பேரும் பால்கனிக்கு வந்தோம். புகை எங்கள் சுவரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கத்தரிப் பாத்திமேல் வெள்ளையாகப் போய்ப் படுத்தது.

"டேய்! நிறுத்துடா பேமானி! நிறுத்துடா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த தட்டு நழுவியது. மெஷின் இரைச்சலில் கீழே யாருக்குக் கேட்கும்? அது நிற்பதற்குள் பாதிப் பாத்தி மறைந்துவிட்டது.

அக்கா பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல."

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "அக்கா, இதைச் சொன்னா பலகை வராது. உங்களுக்கு லிஃப்ட் வீடு வந்துடுமே?"

"வரும். வந்து? அந்தாளு மூஞ்சிய யாரு பாத்துகினு குந்தினு கீறது?" என்று கேட்டுவிட்டு, அன்று லிஃப்டில் ரவுண்டுகூடப் போகாமல் படியிறங்கிப் போனார்.

விஷயம் குழு முழுக்கப் பரவியது. யாரும் மூச்சுவிடக் கூடாது என்று மாரி எல்லோரிடமும் சொல்லி வைத்தான். மானியம் சாயங்காலம் வந்தார். வயலுக்குள் போனார். ஒரு கத்தரி இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து பார்த்தார். அந்தப் புகையில் டீசல் கலப்பார்கள். ஆயுளெல்லாம் டீசலும் ஆயிலும் முகர்ந்த மூக்கு அது. இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

பரிசோதனை நாள். இளம்பெண்தான் அதிகாரி. பொறுமைசாலி. குழு முழுக்க ஆஜர். நிலம் எப்படியும் விலைக்கு வரும் என்று மோப்பம் பிடித்து, புரோக்கரும் டேப்போடு வேலியோரம் நின்றிருந்தார். ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். மாரி நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "சோக்கா கீதும்மா! ஒரு சொட்டு மருந்து கெடையாது, எங்கம்மா மேல சத்தியம்" என்றான். அவன் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். முறைத்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமாய்யா?" என்று அதிகாரி சம்பிரதாயத்துக்கு மானியத்தைக் கேட்டார்.

"ரிஜெக்ட்" என்றார் மானியம்.

"எதுங்க?"

"இந்த வயலுதாம்மா. போன வாரம் கொசு மருந்து பட்டுடுச்சு." சட்டைப்பையிலிருந்து வாடிப்போன இலையை எடுத்து நீட்டினார்.

"அண்ணாத்தே, வாய மூடுண்ணா! உன் கால்ல உயறேன்!" என்றான் மாரி.

அதிகாரிக்கே பொறுக்கவில்லை. "ஐயா, நீங்க அடிக்கலையே? பக்கத்துலேருந்து வந்ததுதானே?"

"யாரு அடிச்சா இன்னாம்மா? எலைக்கு அது தெரியுமா? மருந்தே படாத வயலுன்னு பலக மாட்டுவீங்கோ. அத்த நம்பி புள்ளத்தாச்சி கீர வாங்கினு போவா. யாருக்கும் தெரியாதும்பானுங்கோ. எனக்குத் தெரியுதே?"

அதிகாரி இலையை வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்தார். பிறகு விதியைச் சொன்னார். மற்றவர்கள் நிலத்துக்கு அவரவர் மூன்று வருஷம் முடிந்ததும் பலகை உண்டு. இந்த வயல் மட்டும் இன்றையிலிருந்து மறுபடி முதல் வருஷம்.

மானியம் மனைவி பக்கம் திரும்பினார். "ராணி, நீ கெலிச்சிட்ட. பேச்சு மாறல. கூப்புடு அந்தாள."

புரோக்கரைக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. டேப்பை இழுத்தபடியே வேலிக்குள் கால் வைத்தார்.

"யோவ், காலெடு! பாத்தி மெதிக்காத!" என்றார் ராணி அக்கா.

"இன்னாக்கா, நீதான மூணு வருசம்னு சொன்ன? தெருவே கேட்டுச்சே."

"ஆமா, சொன்னேன். மூணு வருசம்னுதான் சொன்னேன். எந்த மூணு வருசம்னு சொன்னேனா? தோ, ஆபீசரம்மாவே சொல்ட்டாங்கோ, இன்னிக்குத்தான் மொதல் வருசம். போய் எண்ணிகினே இரு, போ!" பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "இன்னும் மூணு வருசம் இந்த மீன் நாத்தத்துல சாவணும்னு என் தலைல எழுதிகீது. மரம் மாதிரி நிக்கிறியே, ஆபீசரம்மாவுக்கு எளநி வெட்டினு வா!"

மானியம் இளநீர் வெட்டப் போனவர் தென்னைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் செகரட்டரி வீட்டு வாசலில். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் படியில் கூடிவிட்டோம். "பாப்பா ஒடம்பு எப்டி கீது சார்?" என்று விசாரித்தார். தேவலை என்றதும், "உங்க காம்பவுண்டுல ஒரு ஃபவுண்டன் கட்டி ஓடாம நிக்கிது பாருங்கோ, அதுலதான் சார் கொசு குட்டி போடுது. புழுவத் துன்ற மீனு குட்கறாங்கோ. ஒரு திட்டம் கீது" என்றார். செகரட்டரி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மீன் வந்தது. கொசு பாதி குறைந்தது. எங்கள் காம்பவுண்டுக்குள் புகை மெஷின் வருவதில்லை. அக்கா மாவு கொண்டுவருகிறார், லிஃப்டில் ரவுண்டு போகிறார். இப்போதெல்லாம் செகரட்டரியே அவருக்குப் பட்டனை அமுக்கிவிடுகிறார்.

மானியத்துக்கு இப்போது இரண்டாம் வருஷம் நடக்கிறது. பால்கனியில் நின்றால் மிச்சக் கொசு இன்னும் கடிக்கத்தான் செய்கிறது. அடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் நிற்கிறேன். வத்தி மட்டும் ஏற்றுவதில்லை. சாயங்காலக் காற்று அவர் வயல் பக்கம் அடிக்கிறது.